நடு யன்னல்

யோகமலர் பார்க்காத இடம் டென்மார்க்கில் இல்லை என்று பிராண்டேயில் இருக்கும் நம் சனம் சொல்லும். ஒருவகையில் சரிதான். வடக்கு முனையில் இரண்டு கடல் முட்டிக்கொள்ளும் இடத்துக்குப் போயிருக்கிறாள். சில்க்போர்க் ஏரிக்கரைக்கு எத்தனையோ தரம். வைலேக் கடற்கரையையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஆனால் அங்கெல்லாம் என்ன கண்டாய் என்று கேட்டால் அவளால் கார் நிறுத்துமிடத்தைத்தான் வர்ணிக்க முடியும். வடக்கு முனை என்றால் அப்பளம் காற்றில் பறந்த இடம். ஏரிக்கரை என்றால் குளவி பாயசத்தில் விழுந்த இடம். வைலே என்றால், மழைக்குக் காரின் பின்கதவைத் தூக்கிவிட்டு, அதற்குக் கீழே குனிந்து நின்று ஊர்ச் சனத்துக்கெல்லாம் சோறு போட்ட இடம்.

நம் சனம் ஓரிடத்துக்குப் புறப்பட்டால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்காது. "அங்கை சட்டி இறக்க இடம் இருக்கோ?" என்றுதான் கேட்கும். டெனிஷ்காரன் இரண்டு துண்டு ரொட்டியைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்துவிட்டு வருவான். நாங்கள் சோற்றுக் கிடாரத்தோடு போவோம். கிடாரம் போனால் அதற்குக் காவலும் போகவேண்டும் அல்லவா? அந்தக் காவல் எப்படியோ யோகமலர் தலையில் விடிந்தது. அவளுடையது அளவான கை, அவள் போட்டால் கடைசி ஆளுக்கும் இறைச்சித் துண்டு மிஞ்சும் என்று எப்போதோ யாரோ புகழ்ந்து வைத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. பிள்ளைகள் ஓடி விளையாடிவிட்டு, ஆண்கள் அரசியல் கதைத்துவிட்டு, பெண்கள் சேலை மடிப்புக் கலையாமல் படம் எடுத்துவிட்டு வந்து சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுவார்கள். எல்லாரும் சாப்பிட்டு முடிய அவள் சட்டி கழுவுவாள். கழுவி நிமிர, "வெளிக்கிடுவம்" என்பார்கள்.

அவளுக்கு வயது ஐம்பத்தேழு. கலியாணம் பேசி, படத்தில் மட்டும் கண்ட மாப்பிள்ளையை நம்பிப் பனிக்காலத்தில் வந்து இறங்கியவள். மாப்பிள்ளை சிவபாலன் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை. குடி இல்லை, சீட்டு இல்லை, கைநீட்டும் பழக்கம் இல்லை. வீட்டில் ஒரு சாமானும் எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர், அவ்வளவுதான். அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்றே, "யோகம், என்ரை சேட்டு எங்கை?" என்று கேட்பார். ஒரே மகள் சாரங்கி ஓகூஸில் படிக்கிறாள். தாய் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுவாள்.

யோகமலருக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே சாப்பாட்டு அறைக்குப் போகும் நடையில் பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. லிண்டர்ஸ்போர்க் என்னும் பழைய பிரபு மாளிகையின் படம். வெள்ளை வீடு. அதற்கு முன்னால் சரிந்து இறங்கும் புல்வெளி, வளைந்து கிடக்கும் குளம், குளத்துக்கு அப்பால் ஒரு மேடு, மேட்டில் மூன்று பெரிய மரங்கள். உணவு வண்டிலைத் தள்ளிக்கொண்டு எத்தனையோ வருஷமாக அவள் அதைக் கடந்துபோகிறாள். முதலில் சும்மா ஒரு வீடு என்றுதான் நினைத்தாள். பிறகு ஒருநாள் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சின்ன எழுத்தை நின்று வாசித்தாள். அன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது.

அந்தக் குளம் தானாக வந்த குளம் இல்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுப் பிரபு இங்கிலாந்துக்குப் போய், அங்கே இருந்த தோட்டங்களைப் பார்த்துப் பைத்தியம் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறார். வந்தவர், கோடு போட்டாற்போல இருந்த பழைய பூப்பாத்திகளை எல்லாம் கிண்டி எறிந்துவிட்டுக் குளம் வெட்டினார். வெட்டிய மண்ணைக் கொட்டி மேடு செய்தார். மேட்டில் மரம் நட்டார். ஓடையை வளைத்துத் திருப்பினார். கடவுள் செய்தாற்போல இருக்கவேண்டும், ஆனால் கடவுள் செய்திருக்கக் கூடாது. அதுதான் இங்கிலீஷ் தோட்டம். அவ்வளவையும் எதற்குச் செய்தார் என்றால், மேல்மாடி மண்டபத்தின் நடு யன்னலில் நின்று பார்ப்பதற்கு. அந்த யன்னலில் நின்றால்தான் குளமும் மேடும் மூன்று மரமும் ஒன்றுக்கொன்று கணக்காகப் பொருந்தி நிற்கும் என்று எழுதியிருந்தது. படத்தில் அந்த நடு யன்னல் தெரிந்தது. கண்ணாடியில் வானம் மட்டும் இருந்தது.

ஒருத்தர் தன் யன்னலிலிருந்து பார்ப்பதற்கென்று ஓர் ஊரையே புரட்டிப் போட்டிருக்கிறார்! யோகமலருக்கு அந்த மனிதரில் பொறாமையும் வந்தது, மரியாதையும் வந்தது. அந்த யன்னலில் ஒருதரம் நிற்கவேண்டும் என்று ஆசை வந்தது. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. காசி, ராமேஸ்வரம் கேட்கவில்லை. வைலேக்குத் தெற்கே கொஞ்ச நேரக் கார் ஓட்டம். ஆனால் வீட்டுக்குள் கூட்டிப்போவது சனிக்கிழமைகளில் மட்டும், அதுவும் கோடை தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் மட்டும். ஒரு சனி விட்டு ஒரு சனி அவளுக்கு வேலை. மற்றச் சனி யாருடையவாவது பிறந்தநாள், சாமத்தியவீடு, திவசம். இப்படியே காலம் போனது.

இந்த ஆவணியில்தான் வேலையிடத்தில் ஒருத்தி சொன்னாள், லிண்டர்ஸ்போர்க்கின் கூரை பழுதாம், இந்த வருஷத்தோடு வீட்டை மூடுகிறார்களாம், திறக்க எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாதாம். யோகமலர் அன்றைக்கே வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்ற முதலே சிவபாலனிடம் சொன்னாள்.

"என்னப்பா, செப்டெம்பர் கடைசிச் சனி நான் லிண்டர்ஸ்போர்க்குக்குப் போகப்போறன். எனக்கு அண்டைக்கு லீவு. சாரங்கி டிக்கெட் எடுத்துத் தாறாளாம்."

"ஓமோம், போவம்," என்றார் சிவபாலன்.

அவள் சொன்னது 'போகப்போறன்'. அவர் சொன்னது 'போவம்'. அந்த இடத்திலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும். அடுத்த வாரம் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் மனிதர் எழும்பி நின்று, வருஷாந்தச் சுற்றுலாவுக்கு நல்ல இடம் ஒன்று இருக்கிறது, என்ரை மனுசிதான் கண்டுபிடிச்சவ என்று பெருமையாக அறிவித்துவிட்டு வந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. "உமக்குச் சந்தோஷமா இருக்கும் எண்டுதானே சொன்னனான்," என்று வேறு சொன்னார். அந்த மனிதரோடு சண்டை பிடிக்கவும் முடியாது. அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

சரி, சனம் வந்தால் வரட்டும், சுற்று தொடங்கும் நேரத்துக்கு நான் நைசாகக் கழன்றுவிடுவேன் என்று யோகமலர் மனதைத் தேற்றிக்கொண்டாள். பிறகுதான் கலண்டரைப் பார்த்தாள். அந்தச் சனி புரட்டாதிச் சனி.

புரட்டாதிச் சனி என்றால் சனத்தில் பாதி சைவம். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, மீன், இறைச்சி என்று எந்த மச்சத்தையும் கண்ணாலும் பார்க்காது. மற்றப் பாதிக்கு ஆட்டிறைச்சி இல்லாத சுற்றுலா சுற்றுலாவே இல்லை. ஆகவே இரண்டு சமையல், இரண்டு அடுப்பு, இரண்டு வரிசைச் சட்டி, இரண்டு அகப்பை. மச்ச அகப்பை தவறிச் சைவச் சட்டிக்குள் போனால் அந்தச் சட்டி அவ்வளவுதான். சைவக்காரரின் தலைவர் செல்வரட்ணம் அண்ணை, சங்கத் தலைவரும் அவர்தான். அகப்பை மாறியது என்று சந்தேகம் வந்தாலே போதும், கையை உதறிவிட்டு எழும்பிவிடுவார். யோகமலர் சைவ அகப்பைகளின் காம்பில் கோயிலில் தந்த சிவப்பு நூலைக் கட்டிவைத்தாள். குருடனுக்கும் விளங்கும்படி கட்டினாள்.

காலையில் எட்டு மணிக்கு வெளிக்கிடுவதாகப் பேச்சு. எண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போன கூட்டம் பூசை முடியட்டும் என்று நின்றது. பூசை முடிய, பிரசாதம் வாங்கட்டும் என்று நின்றது. யோகமலர் வான் வண்டிக்குள் சட்டிகளுக்கு நடுவில் இருந்து, சாம்பார் தளும்பாமல் இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்தபடி, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். சுற்று இரண்டே இரண்டு. மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று. அவளிடம் இருந்தது மத்தியான டிக்கெட்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். வானுக்குள் இருந்தே வீடு தெரிந்தது. படத்தில் கண்ட அதே வெள்ளை வீடு. யாரோ ஆட்கள் பெரிய பூச்சாடிகளையும் கதிரைகளையும் அதற்குள் காவிக்கொண்டு போனார்கள். யோகமலர் யன்னல்களை எண்ணத் தொடங்கினாள். நடு யன்னலைத் தேடிப் பிடித்துப் பார்ப்பதற்குள் வான் திரும்பிவிட்டது.

சனம் புல்வெளியில், குளத்துக்கு நேரே, பாயை விரிக்கத் தொடங்கியது. பச்சைச் சட்டை போட்ட தோட்டக்காரர் ஒருவர் அரக்கப்பரக்க ஓடிவந்தார். கோபப்படவில்லை, பாவம். இங்கே சாப்பாடு வைக்கக் கூடாது, யன்னலிலிருந்து பார்ப்பவர்களுக்குக் காட்சி கெட்டுவிடும், கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் மேசைகள் இருக்கின்றன என்றார். அந்த மேசைகள் உயரமான வேலிச் செடிக்குப் பின்னால் இருந்தன. அங்கேயிருந்து பார்த்தால் வீடு தெரியாது, குளம் தெரியாது. கார்கள் தெரியும்.

செல்வரட்ணம் அண்ணை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, தோட்டம் தோட்டம் எண்டியள், ஒரு பூவைக் காணேல்லை? வெறும் புல்லும் மரமும். இதுதானே எங்கடை ரோட்டுக்கரையிலையும் நிக்குது?"

"இங்கிலீஷ் தோட்டத்திலை பூ இருக்காது அண்ணை," என்றாள் யோகமலர். "இது தூரத்திலையிருந்து பாக்கிறது. மேலை யன்னலிலை நிண்டு பாத்தால்தான்..."

"பூ இல்லாட்டில் பிறகென்ன தோட்டம்? சரி சரி, வடையை எடுங்கோ, பசிக்குது."

வடை எடுத்தாள். தேத்தண்ணி ஊற்றினாள். சிவப்பு நூல் அகப்பைகளோடு சைவச் சட்டிகளை ஒரு மேசையிலும் மச்சச் சட்டிகளை மற்ற மேசையிலும் பரப்பினாள். சிவபாலனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, நூல் கட்டினது சைவம். நூல் இல்லாதது மச்சம். மாத்திப் போடாதையுங்கோ. நான் உள்ளுக்கை போட்டு வாறன்."

"எனக்குத் தெரியாதே? நீர் போம்," என்றார் அவர்.

சுற்றுலாவுக்கென்று ஓகூஸிலிருந்து வந்திருந்த சாரங்கி தாயின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தாள். வரும் வழியில் டெனிஷில் சொன்னாள். "அம்மா, ஏன் எப்போதும் நீங்களே செய்கிறீர்கள்? ஒருதரம் முடியாது என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றும் நடக்காது."

"முடியாது எண்டால் ஆர் போடுறது?"

"யாரும் போடாவிட்டால் அவர்களே போட்டுக்கொள்வார்கள்."

"உனக்கு விளங்காது," என்றாள் யோகமலர். அந்த இரண்டு சொல்லோடு அந்தக் கதை முடிந்தது. வீட்டிலும் அது இப்படித்தான் முடியும். சாரங்கி திரும்பிப் போய்விட்டாள்.

வாசலில் வரிசை. அவளுக்கு முன்னால் டெனிஷ்காரர் சிலர், பின்னால் மரகதம். மரகதம் தமிழ்நாட்டுப் பிள்ளை, பிராண்டேயில் இன்ஜினியர். சங்கத்துக்குப் புதிது. டிக்கெட் முடிந்துவிட்டது, சும்மா வாசலையாவது பார்க்கலாம் என்று வந்து நின்றாள். வரிசை நகர்ந்தது. யோகமலர் கதவின் பித்தளைக் கைபிடியைக் கண்டாள். உள்ளே கறுப்பு வெள்ளைக் கற்கள் பதித்த தரை. அதற்கு அப்பால் அகலமான படிக்கட்டு, மேல்மாடிக்கு ஏறும் படிக்கட்டு. டிக்கெட்டைக் கையில் எடுத்தாள். அப்போது போன் அடித்தது.

"யோகம், ஓடிவாரும்," என்றார் சிவபாலன். "ஒரு சின்னப் பிரச்சினை."

அவர் ஆட்டிறைச்சி அகப்பையால் பருப்பைக் கலக்கிவிட்டார். நூல் கட்டிய அகப்பை பக்கத்தில் கிடந்தது. கண்ணுக்கு நேரே கிடந்தது. அதோடு விட்டாரா? பருப்பில் வைத்த அகப்பையைக் கத்தரிக்காய்க் குழம்பிலும் வைத்துவிட்டு, "இதிலை என்ன கிடக்கு?" என்று அவளிடம் கேட்கிறார். பின்னால் செல்வரட்ணம் அண்ணையின் குரல் கேட்டது. நான் ஒண்டும் சொல்லேல்லை, எனக்குச் சாப்பாடு வேண்டாம், அவ்வளவுதான் என்று அவர் சத்தமாக ஒன்றும் சொல்லாமல் இருந்துகொண்டிருந்தார். விரதக்காரர் எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்களாம்.

யோகமலருக்கு அழுகையே வந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். வானின் பின்பக்கம், போர்வைக்குக் கீழே, இன்னொரு சட்டி சைவப் பருப்பும் இன்னொரு சட்டி உருளைக்கிழங்குக் கறியும் இருந்தன. இப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் தனியாகச் சமைத்து ஒளித்து வைத்திருந்தாள். அவற்றை எங்கே வைத்தாள் என்று போனில் சொன்னாலும் சிவபாலன் கண்டுபிடிக்கமாட்டார். கண்டுபிடித்தாலும் அதே அகப்பையைத்தான் வைப்பார். கதவு இன்னும் நாலடியில் இருந்தது.

"என்னக்கா, ஏதாவது பிராப்ளமா?" என்றாள் மரகதம்.

"நீர் போய்ப் பாரும்," என்று டிக்கெட்டை அவள் கையில் திணித்துவிட்டு யோகமலர் திரும்பி நடந்தாள். புல்வெளியை அவள் குறுக்காகக் கடந்தாள். குளத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் கோபத்தோடு பார்த்ததாகிவிடும், அப்படிப் பார்க்க அவளுக்கு விருப்பம் இல்லை.

அவள் ஒளித்துவைத்த சட்டிகளை எடுத்ததும் விரதக்காரர் முகம் மலர்ந்தது. "பாத்தியளோ, தங்கச்சி இல்லாட்டில் நாங்கள் பட்டினி," என்று செல்வரட்ணம் அண்ணை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எல்லாரும் ஓமோம் என்றார்கள். சிவபாலனும் பெருமையாகச் சிரித்தார். யோகமலர் சோறு போட்டாள். ஒவ்வொரு அகப்பையையும் கொஞ்சம் ஓங்கியே போட்டாள். பேப்பர்க் கோப்பைகள் வளைந்தன. யாரும் கவனிக்கவில்லை.

மரகதம் திரும்பி வந்தபோது அவள் கண்கள் இரண்டும் விரிந்திருந்தன. "அக்கா, சான்ஸே இல்ல! அந்த நடு ஜன்னல் இருக்கு பாருங்க, அங்க போய் நின்னதும் அப்படியே... இருங்க, போட்டோ எடுத்திருக்கேன்."

"காட்டாதையும்!" யோகமலர் கரண்டியோடு இருந்த கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "வேண்டாம் பிள்ளை. நான் நேரிலை பாக்கவேணும்."

மரகதம் போனை மெல்லப் பைக்குள் போட்டாள். பிறகு பக்கத்தில் நின்று கோப்பைகளை அடுக்கிக் கொடுத்தாள். அன்றைக்கு உதவிக்கு வந்தது அவள் ஒருத்திதான்.

பின்னேரச் சுற்றுக்குக் கடைசி டிக்கெட் ஒன்று கிடந்தது. சாரங்கி போனில் அதை அவசரம் அவசரமாக எடுத்துத் தந்தாள். யோகமலர் இந்தமுறை ஏமாறத் தயாராக இல்லை. தேத்தண்ணிப் பிளாஸ்க்குகளை மேசையில் வரிசையாக வைத்தாள். சீனி, பால், கப், எல்லாம் நீலப் பையில் என்று இரண்டுதரம் சொன்னாள். எஞ்சிய அகப்பைகளை எல்லாம் கழுவிக் கட்டி வானுக்குள் போட்டாள். இனி எதை எதற்குள் கலப்பார்கள், பார்ப்போம். கடைசியாகப் போனை அணைத்துக் கரண்டிப் பைக்குள் தாட்டுவிட்டு, ஏப்ரனைக் கழற்றி, முகம் கழுவி, பொட்டைச் சரிபார்த்துக்கொண்டு நடந்தாள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. சாப்பிட்ட களைப்பில் பாதிச் சனம் பாயில் சாய்ந்திருந்தது.

வாசலில் வழிகாட்டி நின்றாள். இளம் பெண், சிரித்த முகம். எல்லாரையும் வரவேற்றுவிட்டு, அதே சிரிப்போடு சொன்னாள். "டிக்கெட் எடுக்கும்போது வாசித்திருப்பீர்கள். இன்று மேல்மாடியில் ஒரு திருமண விருந்து நடக்கிறது. அதனால் இந்தச் சுற்றில் நாம் கீழ்த்தளத்தை மட்டும் பார்க்கப்போகிறோம்."

யோகமலர் வாசிக்கவில்லை. சாரங்கியும் வாசிக்கவில்லை. மற்றவர்கள் வாசித்திருந்தார்கள் போல, ஒருவரும் அசையவில்லை.

"அந்த நடு யன்னல்..." என்றாள் யோகமலர். அவளுடைய டெனிஷ் அந்த நேரம் பார்த்துத் திக்கியது. "மேலே, மண்டபத்தில். ஒரு நிமிஷம் மட்டும் பார்க்க முடியாதா?"

"மன்னித்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் இருக்கிறார்கள். கூரை வேலை முடிந்த பிறகு கட்டாயம் வாருங்கள்."

அகலமான படிக்கட்டின் குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. மேலே யாரோ கண்ணாடிக் கோப்பையில் கரண்டியால் தட்டினார்கள், சனம் சிரித்தது. வழிகாட்டி பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, ஒடுக்கமான கல்படியில் எல்லாரையும் கீழே இறக்கினாள். யோகமலர் கடைசியாக இறங்கினாள். இனி எதற்கு, வானுக்கே போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வானுக்குப் போனால் சட்டி கழுவவேண்டும்.

கீழே இருந்தது சமையலறை.

பெரிய சமையலறை. சுவர் நீளத்துக்குச் செப்புச் சட்டிகள், சின்னதிலிருந்து பெரிதாக. ஆள் இறங்கிக் குளிக்கக்கூடிய கிடாரம் ஒன்று. ஆணிகளில் தொங்கும் அகப்பைகள், மீனுக்கு வேறு, இறைச்சிக்கு வேறு, இனிப்புக்கு வேறு. மற்றவர்கள் ஆவென்று பார்த்துப் படம் எடுத்தார்கள். யோகமலருக்கு அந்தக் கிடாரத்தை எட்டி உதைக்கலாம் போல இருந்தது. நடு யன்னலுக்கென்று இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு, காட்ட வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

"இந்த யன்னல்களைப் பாருங்கள்," என்று வழிகாட்டி மேலே காட்டினாள். கூரைக்குக் கிட்ட, சுவரில், நீளமாக ஒடுங்கிய யன்னல்கள். "வெளியே அவை நிலமட்டத்தில் இருக்கின்றன. மேலே இருந்து தோட்டத்தைப் பார்ப்பவர்களின் கண்ணில் சமையல் ஆட்கள் பட்டால் காட்சி கெட்டுவிடும். அதனால் சமையலறையை நிலத்துக்குள் இறக்கினார்கள். இங்கே வேலை செய்த பெண்களில் சிலர் கடைசிவரை மேல்மாடிக்குப் போனதே இல்லையாம்."

கூட்டத்தில் ஒரு கிழவி, ஐயோ பாவம் என்றாள். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். யோகமலர் ஆட்டவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன சமையல்காரிக்கு இரங்க எல்லாராலும் முடிகிறது என்று நினைத்தாள்.

அவளுக்கு முன்னால் இருந்த யன்னலுக்குக் கீழே ஒரு கல்லுப் படி இருந்தது. அதில் ஏறி நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புல் கண்மட்டத்தில் தெரிந்தது. புல்லில் இரண்டு கால்கள் வந்து நின்றன. செருப்பு, செருப்புக்குள் சாம்பல் நிறக் காலுறை. இந்த உலகத்தில் எங்கே கண்டாலும் அவளுக்குத் தெரியும் அந்தக் கால்களை. காலையில் காலுறையை எடுத்துக் கொடுத்ததே அவள்தான். அவற்றுக்குப் பின்னால் செல்வரட்ணம் அண்ணையின் மினுக்கிய சப்பாத்தும் வந்து நின்றது.

"யோகம்! யோகம்!" யன்னலின் மேல்பக்கம் கொஞ்சம் திறந்திருந்தது. சிவபாலனின் குரல் பக்கத்தில் நிற்பதுபோலக் கேட்டது. "எங்கை போட்டா இந்த மனுசி? யோகம், சீனி எங்கை?"

"சீனி இல்லாமல் என்னெண்டு குடிக்கிறது?" என்றது மினுக்கிய சப்பாத்து.

'நீலப் பைக்குள்ளை, அடியிலை' என்பது யோகமலரின் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அது அவள் யோசித்து வந்த சொல் இல்லை. மூச்சு வருவதுபோல வந்தது. இத்தனை வருஷமும் அது அப்படித்தான் வந்தது. உதட்டைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினாள்.

கால்கள் அங்குமிங்கும் திரும்பின. "யோகமலர்!" என்று முழுப்பெயரும் கேட்டது. கூட்டத்தில் எல்லாரும் யன்னலை நிமிர்ந்து பார்த்தார்கள். வழிகாட்டி யோகமலரைப் பார்த்தாள், அவளுடைய பொட்டைப் பார்த்தாள், மறுபடி அந்தக் கால்களைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரிந்தவர்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். "யாரையோ தேடுகிறார்கள் போல இருக்கிறது."

"இல்லை," என்றாள் யோகமலர். டெனிஷில், திக்காமல் சொன்னாள். "எனக்குத் தெரியாது."

கால்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு செருப்புப் போனது, அதன் பின்னால் சப்பாத்தும் போனது. அவை நின்ற இடத்தில் புல் தெரிந்தது. புல்லுக்கு மேலே, கையகலத்துக்கு, குளம் தெரிந்தது. மேடும் மூன்று மரமும் அந்த யன்னலுக்குள் அகப்படவில்லை. தண்ணீர் மட்டும்தான், அதில் வெயில் விழுந்திருந்தது.

வழிகாட்டி அடுத்த அறைக்குப் போகலாம் என்றாள். கூட்டம் நகர்ந்தது. "நீங்கள் வரவில்லையா?" என்று கதவடியில் நின்று கேட்டாள்.

"நான் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்," என்றாள் யோகமலர். இரண்டு முழங்கையையும் யன்னல் விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். வெளியே தூரத்தில் யாரோ மறுபடி அவளைக் கூப்பிட்டார்கள். அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.